குனிந்தால் இறங்கும்

ஹானேஜிமா தீவு
அக்டோபர் 14

மதிப்பிற்குரிய உபுகாத்தா அவர்களுக்கு,

ஹானேஜிமா டிராகன் பிரிவிலிருந்து ரித்சுகோ நாமெகாவா எழுதுகிறேன். பெயரைப் பார்த்ததும் கிழித்துப் போடத் தோன்றும் என்று தெரியும். ஏப்ரல் மாதம் உங்கள்மேல் புகார் எழுதிக் கொடுத்தவள் நான்தான். அதில் ஒரு வரியைக்கூட மாற்றிக்கொள்ள இப்போதும் தயாராக இல்லை. ஆனாலும் கேட்க வேறு ஆள் இல்லாததால் உங்களையே கேட்க வேண்டியிருக்கிறது. மன்னிக்கவும்.

உங்களை அக்கரைத் தலைமை அலுவலகத்துக்கு மாற்றிய பிறகு தைக்கோனை ஓட்ட ஆளில்லை. ஓட்டுகிறவர் ஐம்பத்தைந்து கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. பிரிவில் இருப்பதே மூன்று பேர். தலைவர் குராமொச்சி தொண்ணூற்றிரண்டு கிலோ. தீனி போடும் தொகாஷி அம்மா எடை மேடையில் ஏற முடியாது என்று சொல்லிவிட்டார். மிச்சம் நான். பதினேழு வருஷம் ஜவுளி மாளிகை வாசலில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் தலை வணங்கியவளை டிராகன்மேல் ஏற்றி உட்கார வைத்துவிட்டார்கள்.

தைக்கோன் நல்ல பிராணி. வெள்ளை உடம்பும் தலையில் பச்சைக் கொண்டையுமாக இருப்பதைப் பார்த்து தைக்கோன், அதாவது முள்ளங்கி என்று பெயர் வைத்தவர் யாரோ, சரியாகத்தான் வைத்திருக்கிறார். முறைக்காது, கடிக்காது. ஏறி உட்கார்ந்தால் கிளம்பிவிடும். பிரச்சினை அதற்கப்புறம்தான். போய்க்கொண்டே இருக்கும்போது திடீரென்று கீழே இறங்குகிறது.

போன வாரம் வடக்குக் குப்பத்துக்கு மருந்து கொண்டுபோனேன். நடுவழியில் தலைவர் ரேடியோவில் கூப்பிட்டார். "ஏம்மா நாமெகாவா, மருந்து எங்கன்னு கேக்குறாங்கம்மா, எங்க இருக்க?" என்றார். "மன்னிக்கணும் சார், இதோ வந்துட்டேன், தாமதமாயிடுச்சு, மன்னிக்கணும்" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் என் முழங்கால்வரை கடல். முந்தாநாள் கணவாய் மீன் பிடிக்கும் படகுக்காரர்கள் கீழேயிருந்து கையாட்டி நன்றி சொன்னார்கள். அடுத்த நிமிஷம் நாங்கள் அவர்கள் கடற்பாசி வளர்க்கும் பந்தலுக்குள் கிடந்தோம்.

கையேட்டை மூன்று முறை படித்தேன். ஒன்பதாம் பக்கத்தில் "ஓட்டுநர் எப்போதும் மரியாதையுடன் நடந்துகொள்ள வேண்டும்" என்று இருக்கிறது. என்னைவிட மரியாதையாக ஒருத்தி எப்படி நடந்துகொள்ள முடியும்?

டிசம்பரில் தலைமை அலுவலகத்திலிருந்து சோதிக்க வருகிறார்கள். டிசம்பர் நடுவில் கப்பல் நின்றுவிட்டால் பிப்ரவரி முடியும்வரை இந்தத் தீவுக்கு தைக்கோன் மட்டும்தான். சோதனையில் தேறாவிட்டால் அதை வெந்நீர் ஊற்று ஊருக்கு அனுப்பி, திருவிழாச் சட்டை மாட்டி, சுற்றுலா வருகிறவர்களோடு படம் எடுக்க நிறுத்தி வைப்பார்களாம். நேற்று அதன் கழுத்தைத் தேய்த்துவிடும்போது அதை நினைத்து அழுகை வந்துவிட்டது.

ஏன் இறங்குகிறது என்று மட்டும் சொல்லுங்கள். வேறு எதுவும் கேட்க மாட்டேன்.

தொந்தரவுக்கு மன்னிப்புக் கோரும்,
ரித்சுகோ நாமெகாவா


தலைமை அலுவலகம், புகார்ப் பிரிவு, மூன்றாம் சன்னல்
அக்டோபர் 20

நாமெகாவா அவர்களுக்கு,

கிழிக்கவில்லை. இங்கே வருகிற எந்தக் காகிதத்தையும் கிழிக்கக் கூடாது என்பது விதி. உங்கள் புண்ணியத்தில் இப்போது என் வேலையே அதுதான். ஊரில் உள்ளவனெல்லாம் சன்னலுக்கு வந்து கத்துவான், நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். டிராகன் கூரையில் உட்கார்ந்து ஓடுகளை நொறுக்கிவிட்டது என்று ஒருவர். டிராகன் தும்மியதில் துவைத்துக் காயப்போட்டது பறந்துபோனது என்று இன்னொருவர். எல்லோருக்கும் நான் தலை வணங்க வேண்டுமாம். இதுவரை வணங்கவில்லை. அதைப் பற்றியே என்மேல் பதினொரு புகார் வந்திருக்கிறது. அவற்றையும் நானே வாங்கி முத்திரை குத்தினேன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் குனிகிறீர்கள், அதனால் அது இறங்குகிறது. வேறொன்றுமில்லை.

தைக்கோன் மனிதர்களோடு பழகிய பிராணி. யாராவது வணங்கினால் திருப்பி வணங்காமல் இருக்க அதனால் முடியாது. நீங்கள் உட்கார்ந்திருப்பது அதன் பிடரியில். நீங்கள் குனிவதை அது பார்க்க வேண்டியதில்லை, பாரம் முன்னால் வந்ததுமே அதற்குத் தெரிந்துவிடும். நீங்கள் லேசாகக் குனிந்தால் அது லேசாகத் தலையைத் தாழ்த்தும். வாடிக்கையாளருக்குக் குனிகிற அளவு குனிந்தால் சரசரவென்று இறங்கும். மன்னிப்புக் கேட்கிற அளவு குனிந்தால் தலைகுப்புறப் பாயும். நானூறு அடி உயரத்தில் வைத்துக்கொண்டு அதனிடம் மன்னிப்புக் கேட்கிறீர்களே, அது என்ன செய்யும் பாவம்?

ஏற வேண்டுமா, கையைக் கட்டிக்கொண்டு பின்னால் சாய்ந்து மோவாயைத் தூக்குங்கள். ஆறிப்போன சூப்பைக் கொண்டுவந்து வைத்தவனைப் பார்க்கிற மாதிரிப் பாருங்கள். ஓட்டுவது என்றால் அவ்வளவுதான்.

இதெல்லாம் கையேட்டில் ஏன் இல்லை என்று கேட்பீர்கள். முதலில் எழுதியவர் "ஓட்டுநர் யாருக்கும் தலை வணங்கக் கூடாது" என்றுதான் எழுதினாராம். அரசாங்கப் புத்தகத்தில் இப்படியா போடுவது என்று மேலே இருந்தவர் ஒருவர் அடித்துவிட்டு நீங்கள் படித்த வரியை எழுதிவிட்டார். அதனால்தான் ஓட்டுநர் தேர்வில் பாடம் எதுவும் கேட்பதில்லை. உள்ளே கூப்பிட்டு, டீ கொடுத்து, இவ்வளவு தூரம் வந்ததற்கு நன்றி என்பார்கள். பதிலுக்குத் தலையசைத்தவனை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். என்னோடு வந்த நாற்பது பேரில் டீயைக் குடித்துவிட்டு "சக்கரை கம்மி" என்று சொன்னவன் நான் ஒருவன்தான்.

தொலைபேசியில் கூப்பிட வேண்டாம். அதில் பேசினாலும் நீங்கள் குனிவீர்கள். எழுதுங்கள்.

ஜுன்யா உபுகாத்தா


ஹானேஜிமா
அக்டோபர் 27

உபுகாத்தா அவர்களுக்கு,

மிக்க நன்றி. இதை எழுதும்போதுகூடக் குனிந்தேன். மேசை தடுத்துவிட்டது.

நீங்கள் சொன்னது உண்மைதான். தரையில் வைத்துச் சோதித்துப் பார்த்தோம். பிடரியில் உட்கார்ந்து நான் வணக்கம் போட்டேன், அது மூக்கைத் தரையில் இடித்துக்கொண்டது. தொகாஷி அம்மா, "அட கடவுளே, நாலு மாசமா இந்தப் பொண்ணு டிராகனுக்கு வணக்கம் போட்டுக்கிட்டேல்ல இருந்திருக்கு" என்று சொல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் குனியாமல் இருக்க முடியவில்லை. தொகாஷி அம்மா என் முதுகில் விளக்குமாற்றுக் கட்டையை வைத்துக் கட்டிப் பார்த்தார். ரேடியோவில் தலைவர், "அருமைம்மா, இன்னைக்கு நேரா போற" என்று பாராட்டினார். கட்டை முறிந்துவிட்டது. பாசிப் பந்தல்காரர் இப்போது எங்களைப் பார்த்தாலே பந்தலைக் கழற்றி வைத்துவிடுகிறார்.

உதவி செய்தீர்கள், நன்றி. ஆனால் மனதில் இருப்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஏப்ரல் மூன்றாம் தேதி நான் வேலைக்குச் சேர வந்த கப்பலின்மேல் நீங்கள் தைக்கோனைப் பாய விட்டீர்கள். அலை மேல்தளம் முழுவதும் அடித்தது. என் பெட்டி கடலோடு போனது. என்னிடமிருந்த ஒரே நல்ல கோட்டும், ஜவுளி மாளிகையை மூடியபோது அவர்கள் கொடுத்த சான்றிதழும் அதில்தான் இருந்தன. அவற்றைக்கூட விடுங்கள். அதன்பின் இரண்டு மாதம் ஒரே அறையில் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்திருந்தோம். ஒரு நாளாவது "தப்பு நடந்துவிட்டது" என்று சொன்னீர்களா? அதைச் சொல்லியிருந்தால் புகாரை அன்றே திரும்ப வாங்கியிருப்பேன்.

ரித்சுகோ நாமெகாவா


மூன்றாம் சன்னல்
நவம்பர் 3

நாமெகாவா,

டிராகன் ஓட்டுவது பற்றிக் கேளுங்கள், பதில் சொல்கிறேன். ஏப்ரல் மூன்றாம் தேதி பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. விசாரணையிலும் அதையேதான் எழுதிக் கொடுத்தேன்.

திருப்புவதற்கு: எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள், கோபித்துக்கொண்ட மாதிரி. உங்களுக்கு என்ன ஆச்சு என்று பார்க்க தைக்கோன் கழுத்தை அந்தப் பக்கம் வளைக்கும். உடம்பு தானாகத் திரும்பும். இது உங்களுக்கு நன்றாக வரும். இரண்டு மாதம் என்னிடம் செய்து பழகியிருக்கிறீர்கள்.

கானாங்கெளுத்தியைப் பச்சையாகப் போடாதீர்கள், ஏப்பம் விடும். வேகவைத்துப் போடச் சொல்லுங்கள். சர்க்கரைவள்ளிக் கிழங்கு வாரத்துக்கு இரண்டு தடவை. இடது காதின் பின்னால் சொறிந்துவிட்டால் தூங்கிவிடும், பறக்கும்போது சொறியாதீர்கள்.

உபுகாத்தா


ஹானேஜிமா
நவம்பர் 10

உபுகாத்தா அவர்களுக்கு,

திருப்புவது முதல் நாளே வந்துவிட்டது. உங்கள் முகத்தை நினைத்துக்கொண்டேன். தைக்கோன் முழு வட்டமே அடித்துவிட்டது.

குனியும் பழக்கத்தைத்தான் விட முடியவில்லை. தினமும் காலையில் தொகாஷி அம்மா எதிரே உட்கார்ந்து என்னைப் பாராட்டுகிறார். நான் அசையாமல் இருக்க வேண்டும். "உன் மாதிரி ஒரு பொண்ணு இந்தத் தீவுக்கே கெடைக்காதுடி" என்றார். குனிந்துவிட்டேன். சரி, திட்டிப் பார்க்கலாம் என்று, "ஒனக்கு அறிவிருக்கா, ஒரு கட்டைய முறிச்சிட்டியே" என்றார். அதற்கும் குனிந்துவிட்டேன். "நல்லதுக்கும் குனியுற, கெட்டதுக்கும் குனியுற, உன்ன வச்சிக்கிட்டு நான் என்னடி பண்றது" என்று தலையில் அடித்துக்கொண்டார். அதற்கும்தான்.

சோதனைத் தேதி வந்துவிட்டது. டிசம்பர் ஒன்பது. அதிகாரி எனக்குப் பின்னால் இருக்கையில் உட்கார்ந்து வருவார். தீவைச் சுற்றி ஒரு வட்டம், பிறகு கரையில் இறங்க வேண்டும். அவ்வளவுதான். அந்த அவ்வளவும் என்னால் ஆகாது. வடக்குக் குப்பத்தில் இரண்டு பெண்களுக்கு ஜனவரியில் பிரசவம். தைக்கோன் இல்லையென்றால் அவர்கள் இந்த மாதமே வீட்டை விட்டு அக்கரைக்குப் போய்க் காத்திருக்க வேண்டும். அவர்களில் ஒருத்தி கடைத்தெருவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நீங்க இருக்கீங்கன்னுதான் நாங்க போகல" என்றாள். எனக்கு நாற்பது வயது. இந்த வேலையும் போனால் வேறு போக்கிடமும் கிடையாது. பேசாமல் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டால் வேறு யாரையாவது அனுப்புவார்களோ என்று பார்க்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். நேற்று குளிக்கும்போது தோன்றியது. ஓட்டுநர் குனிந்தால்தான் தைக்கோன் பாயும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அன்று என் கப்பலின்மேல் அது பாய்ந்தது. மன்னிப்புக் கேட்கிற அளவுக்குக் குனிந்தால் எப்படிப் பாயுமோ அப்படி. நாற்பது பேரில் தலையசைக்காத ஒரே ஆள் நீங்கள். அப்படியானால் அன்று குனிந்தீர்களா? யாருக்கு?

ரித்சுகோ நாமெகாவா


மூன்றாம் சன்னல்
நவம்பர் 17

நாமெகாவா அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை நான்கு தடவை எழுதிவிட்டேன். கிழிக்கக் கூடாது என்பதால் நான்கும் இழுப்பறையில் கிடக்கின்றன.

ராஜினாமா எழுதாதீர்கள். வேறு யாரையும் அனுப்ப மாட்டார்கள். நான் இங்கே இருந்து பார்க்கிறேன், ஆள் இல்லை.

கேட்டீர்கள், சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத்தான்.

அன்று காலை கப்பலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். தினமும் தாண்டுகிற கப்பல்தான். யாராவது பார்த்தால் "ஏய், மேல பாத்து போடா" என்று கத்துவார்கள், நானும் பதிலுக்குக் கத்துவேன். அன்று மேல்தளத்தில் சாம்பல் நிறக் கோட்டு போட்டுக்கொண்டு ஒரு பெண் தனியாக நின்றாள். காலடியில் பெட்டி. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பெட்டியிலிருந்து கையை எடுத்தாள். இரண்டு கையையும் முன்னால் சேர்த்து வைத்துக்கொண்டு, இடுப்பிலிருந்து வளைந்து, என்னைப் பார்த்துக் குனிந்தாள். நிமிரவில்லை. அப்படியே இருந்தாள்.

நான் மீன் ஏலக்காரன் மகன். பன்னிரண்டு வருஷமாக டிராகன் ஓட்டுகிறேன். என்னைப் பார்த்து யாரும் குனிந்ததே கிடையாது. என்ன செய்வதென்று தெரியவில்லை. தலை தானாகப் போய்விட்டது. முழுசாக, இடுப்புவரை. நிமிர்ந்தபோது கப்பல் என் மூக்குக்கு நேரே இருந்தது. முகத்தைத் திருப்பினேன், தைக்கோன் கப்பலை விட்டுப் பக்கத்துக் கடலில் விழுந்தது. நீங்கள் இன்னும் குனிந்தேதான் இருந்தீர்கள், அதனால் நான் குனிந்ததை நீங்கள் பார்க்கவில்லை. நீங்கள் நிமிர்ந்தபோது அலை வந்துவிட்டது.

விசாரணையில் இதைச் சொல்லியிருந்தால், ஓட்டுநருக்கு வணக்கம் போட்டது யார் என்று கேட்டிருப்பார்கள். அது உங்களுக்கு முதல் நாள் வேலை. உங்களைக் காப்பாற்றத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று பெருமையாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பாதிதான் அது. மீதிப் பாதி, நான் குனிந்தேன் என்று குராமொச்சிக்குத் தெரிவதற்கு இந்தச் சன்னலே மேல் என்று நினைத்தேன்.

கோட்டு போனதற்கு வருந்துகிறேன். தப்பு நடந்துவிட்டது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

உபுகாத்தா


ஹானேஜிமா
நவம்பர் 24

உபுகாத்தா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைத் தைக்கோனின் கொட்டகையில் வைத்துப் படித்தேன். ஆமாம், குனிந்தேன். என் பிரிவின் மூத்தவர் போகிறார், வணங்காமல் இருக்கலாமா என்று நினைத்தேன். காலையில் கடைக் கதவு திறக்கும்போது செய்வதைப் போல, மனதுக்குள் மூன்று எண்ணிக்கொண்டு. எண்ணி முடிப்பதற்குள் உங்கள் வேலையைப் பறித்திருக்கிறேன். பிறகு உங்கள் எதிரில் உட்கார்ந்து புகாரையும் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் கூசுகிறது.

அழுது முடித்த பிறகு ஒன்று தோன்றியது. நீங்களே குனிந்துவிட்டீர்கள் என்றால் நான் குனியாமல் இருக்கப் போவதில்லை. பதினேழு வருஷப் பழக்கம் ஒரு மாதத்தில் போகாது. போகாததைப் பிடித்துத் தள்ளி என்ன பயன்? அதனால் சேணத்தைத் திருப்பிப் போட்டுவிட்டேன்.

இப்போது தைக்கோனின் வாலைப் பார்த்து உட்காருகிறேன். நான் குனிந்தால் பாரம் பின்னால் போகிறது, வாலைப் பார்த்து யாரோ வணங்குகிறார்கள் என்று தைக்கோன் வாலைத் தாழ்த்தித் தலையைத் தூக்குகிறது. குனிந்தால் ஏறுகிறது. நேற்று தலைவர் ரேடியோவில் என்னைத் திட்டத் திட்ட ஏறிக்கொண்டே போனேன். மேகத்துக்கு மேலே போன பிறகுதான் அவர் குரல் கேட்காமல் போனது. தீனி நேரம் வந்ததும் தைக்கோன் தானாகவே இறங்கிவிட்டது. முன்னால் வருவதைப் பார்க்க அதற்குக் கண் இருக்கிறதே, நான் எதற்கு?

தொகாஷி அம்மா, "பெரிய பெரிய ஆளுங்க யாருக்கும் இது தோணலியே" என்கிறார். பெரிய ஆட்களுக்குக் குனிய வேண்டிய தேவை இருந்திருக்காது என்றேன்.

ரித்சுகோ


மூன்றாம் சன்னல்
நவம்பர் 30

நாமெகாவா,

அஞ்சலட்டைதான் கிடைத்தது, சுருக்கமாக எழுதுகிறேன். இங்கே வரைந்து பார்த்தேன். ஏறுவது சரி. இறங்குவது எப்படி? இறங்க வேண்டுமென்றால் நீங்கள் கையைக் கட்டிச் சாய வேண்டும். எதிரே அதிகாரி உட்கார்ந்திருப்பார். உங்கள் முகத்துக்கு நேரே. வருகிறவர் பெயர் ஷிராகி. இந்தக் கட்டடத்திலேயே அதிகமாகத் தலை வணங்குகிறவர் அந்த அம்மாதான், தண்ணீர்க் குழாய்க்கும் நன்றி சொல்வார். எச்சரிக்கை. பயப்படாதீர்கள் என்று சொல்ல வரவில்லை, எனக்கே பயமாக இருக்கிறது.

உபுகாத்தா


ஹானேஜிமா
டிசம்பர் 10

உபுகாத்தா அவர்களுக்கு,

முடிந்துவிட்டது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஷிராகி அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். சேணம் திரும்பியிருப்பதைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. என் எதிரே ஏறி உட்கார்ந்தார். முழங்காலும் முழங்காலும் இடிக்கிற தூரம். "சிரமத்துக்கு மன்னிக்கணுங்க, இன்னைக்கு உங்கள நம்பித்தான் வரேன்" என்று குனிந்தார். நான் இன்னும் ஆழமாகக் குனிந்தேன். தைக்கோன் ஜம்மென்று மேலே போனது. அதுவரை நல்லபடி.

தீவைப் பாதி சுற்றியதும்தான் வினை ஆரம்பித்தது. "காட்சி அருமையா இருக்குங்க, நன்றிங்க" என்று அவர் குனிந்தார். நானும் குனிந்தேன். அவர் தலைப்பக்கம் பார்த்துக் குனிகிறார், நான் வால்பக்கம் பார்த்துக் குனிகிறேன். தைக்கோனுக்கு யாருக்குப் பதில் சொல்வது என்று தெரியவில்லை. ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. அந்தரத்தில் அப்படியே நின்று நடுங்க ஆரம்பித்தது.

"என்னால ஏதாவது தப்பாங்க? மன்னிக்கணுங்க" என்றார். "அய்யோ, உங்க தப்பு இல்லீங்க, நான்தான் மன்னிப்புக் கேக்கணும்" என்றேன். இப்படியே கால் மணி நேரம். வடக்கிலிருந்து கருமேகம் வந்துவிட்டது. ஆலங்கட்டி என் தோளில் விழ ஆரம்பித்தது. கீழே தொகாஷி அம்மா மேளம்போல ஒரு தகரத்தைத் தட்டிக்கொண்டு என்னவோ கத்துவது தெரிந்தது. தைக்கோன் மூச்சு வாங்கியது. அதன் விலா என் காலுக்கடியில் துடிப்பதை உணர்ந்தேன். இன்னும் கொஞ்ச நேரம் போனால் அது தாங்காது.

அவர் குனிகிற வரைக்கும் நான் சாயக்கூட வேண்டாம், பதிலுக்குக் குனியாமல் இருந்தாலே போதும், அவர் குனிவதே எங்களை இறக்கிவிடும் என்று அப்போதுதான் விளங்கியது. ஆனால் அவர் தலைமை அலுவலக அதிகாரி. என்னைவிட இருபது வயது மூத்தவர். என் முழங்காலில் நெற்றி படுகிற மாதிரிக் குனிந்து மன்னிப்புக் கேட்கிறார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கையைக் கட்டிக்கொண்டேன். மோவாயைத் தூக்கினேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் அசையவில்லை. கோபித்துவிட்டேன் என்று நினைத்து இன்னும் ஆழமாகக் குனிந்தார். தைக்கோன் இறங்கத் தொடங்கியது. மறுபடி நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார். என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, ஆனால் தலையை அசைக்கவில்லை. ஒவ்வொரு மன்னிப்புக்கும் படிப்படியாக இறங்கி, கரை மணலில் பஞ்சுபோல வந்து உட்கார்ந்தோம். பாசிப் பந்தல் பக்கம்கூடப் போகவில்லை.

இறங்கியதும் மணலில் மண்டியிட்டு ஷிராகி அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குனிந்து குனிந்துதான். அவர் என்னைத் தூக்கி நிறுத்தினார். பிறகு, "முப்பத்தெட்டு வருஷ வேலையில எனக்குப் பதில் வணக்கம் போடாத முதல் ஆள் நீங்கதான்" என்றார். அறிக்கையை அங்கேயே எழுதிக் கொடுத்தார். பணிவு: போதாது. ஓட்டும் திறன்: தேர்ச்சி.

தைக்கோன் எங்கும் போகவில்லை. வடக்குக் குப்பத்துப் பெண்களும் போகவில்லை. தலைவர் கொட்டகைக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் தைக்கோனின் இடது காதுக்குப் பின்னால் சொறிந்துவிட்டேன், அது தூங்கியதும் அதன்மேல் சாய்ந்து நானும் தூங்கிவிட்டேன். எட்டு மாதத்தில் அப்படித் தூங்கியதே இல்லை.

இன்னொரு காரியமும் செய்தேன். ஏப்ரல் புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதி இதே கப்பலில் அனுப்பியிருக்கிறேன். முதலில் குனிந்தது நான்தான் என்று அதில் இருக்கிறது. ஷிராகி அம்மாவிடம் காட்டிவிட்டேன். இதனால் என் வேலை போகலாம் என்றார். போனால் போகட்டும் என்றேன்.

ரித்சுகோ


தலைமை அலுவலகம்
டிசம்பர் 21

ரித்சுகோ அவர்களுக்கு,

உங்களுக்கு வேலை போகவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். வழியில் போகிற டிராகனுக்கு வணக்கம் சொல்வதைத் தடுக்க எந்த விதியும் இல்லை என்று முடிவாகிவிட்டது.

புகாரைத் திரும்பப் பெறும் காகிதம் எந்தச் சன்னலுக்கு வரும் என்று யோசித்தீர்களா? மூன்றாம் சன்னலுக்கு. வாங்கியவன் அதைப் புகார்ப் பிரிவுத் தலைவர் முன்னால் நின்று உரக்கப் படிக்க வேண்டும், அது இங்கே வழக்கம். படித்தேன். "அவர் எனக்குப் பதில் வணக்கம் செய்தார், அதைத் தவிர அவர் எந்தத் தவறும் செய்யவில்லை" என்ற இடத்தில் குரல் நின்றுவிட்டது. தலைவர், "தண்ணி குடிக்கிறீங்களா உபுகாத்தா?" என்று கேட்டார். வேண்டாம் என்று தலையை அசைத்தேன். அறையில் இருந்த ஏழு பேரும் என்னையே பார்த்தார்கள். ஆறு மாதத்தில் நான் தலையசைத்து அவர்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஜனவரி ஆறாம் தேதியிலிருந்து மறுபடி ஹானேஜிமாவில் வேலை. ஒரு டிராகனுக்கு இரண்டு ஓட்டுநர் என்று உத்தரவில் போட்டிருக்கிறது, ஷிராகி அம்மா கைப்பட எழுதியது. படித்துவிட்டுச் சன்னலை மூடி வைத்தேன். மனசு லேசாகிவிட்டது. இவ்வளவு நாள் எவ்வளவு பாரமாக இருந்தது என்றே அப்போதுதான் தெரிந்தது.

கப்பல் நின்றுவிட்டது. இந்தக் கடிதத்தையே தபால் மூட்டையில் போட்டு நீங்கள்தான் கடல் தாண்டித் தூக்கிக்கொண்டு போவீர்கள். கப்பல் ஓடட்டும், மார்ச்சில் வருகிறேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வேண்டாம். ஆறாம் தேதி காலை ஒன்பது மணிக்குத் துறைமுகத்தின் வடக்கு மேடையில் நிற்கிறேன். நீங்கள் வந்து கூட்டிக்கொண்டு போங்கள். சேணத்தைத் திருப்பிப் போட வேண்டாம், அப்படியே இருக்கட்டும், நான் எதிரே உட்கார்ந்துகொள்கிறேன்.

ஏறும்போது நீங்கள் குனியுங்கள். இறங்கும்போது நான் குனிகிறேன்.

ஜுன்யா